கருவாட்டுக்கு வரி உண்டா? பாம்பனில் ஒரு வரி ஆலோசனை அலுவலகம்

பாம்பனில் கருவாட்டு வியாபாரம் செய்யும் எங்களைப் போன்றோருக்கு இந்த அலுவலகத்தைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். எடை போட்டு உதிரியாக விற்கும் கருவாட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதையும், அதையே முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டி விற்றால் 5 சதவீதம் உண்டு என்பதையும், இந்த வேறுபாடு 2022 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளதையும் ஆடிட்டர் அம்மா என் பில்களையே மேசையில் பரப்பி விளக்கினார். உதிரி நெத்திலிக்கு ஒரு கட்டு, லேபிள் ஒட்டிய கால் கிலோ பாக்கெட்டுகளுக்கு ஒரு கட்டு எனப் பிரித்த பிறகுதான், கணக்கில் உள்ள வித்தியாசத்துக்கு விளக்கம் கேட்டு ஜிஎஸ்டி அதிகாரியிடமிருந்து வந்த ஏஎஸ்எம்டி-10 நோட்டீஸ் எதைப் பற்றியது என்பதே எனக்கு விளங்கியது.

அந்த நோட்டீஸுக்கு முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். விளக்கம் ஏற்கப்பட்டால் விவகாரம் அத்துடன் முடியும். ஏற்கப்படாமல் பின்னர் வரிவிதிப்பு உத்தரவு வந்தால், மூன்று மாதத்துக்குள், தகராறில் உள்ள வரியில் பத்து சதவீதம் கட்டி மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் முதல் நாளே சொல்லிவிட்டார். “பதில்ல கையெழுத்துப் போடுறது நீங்கதாண்ணே, ஒவ்வொரு வரியையும் படிச்சுட்டுப் போடுங்க” என்று அவர் வற்புறுத்தியது எனக்கு மிகவும் பிடித்தது. எங்கள் ஊரில் பலரும் படிக்காமலேயே கையெழுத்திடுகிறார்கள்.

குறை என்றால், கட்டணத்தை முதலில் எழுதித் தருவதில்லை; கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. மாதக் கணக்கைத் தாக்கல் செய்யும் 20ஆம் தேதியை ஒட்டிச் சென்றால் கூட்டத்தில் பேசவே முடியாது. ஆகவே நோட்டீஸ் கைக்கு வந்தவுடனே சென்றுவிடுங்கள்.