பழைய யமஹா பிளாஸ்டர் 200: மலைமேலிருந்து கடற்கரைக்கு வந்த வண்டியின் மதிப்பீடு

பழைய டூ ஸ்ட்ரோக் குவாட் (மண்பாதையில் ஓட்டும் நான்கு சக்கர பைக்) ஒன்றை வாங்கி, பிரித்து, தானே சரிசெய்து ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை உள்ளவருக்கு முதல் வண்டியாக நான் தயங்காமல் சொல்வது யமஹா பிளாஸ்டரைத்தான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. முன்பு வைத்திருந்தவர் அதன் கார்புரேட்டரில் என்ன மாற்றம் செய்தார் என்று திறந்து பார்க்காமல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. அந்த நிபந்தனையை நானே மீறினேன். அதனால் நேர்ந்த செலவும் இந்த மதிப்பீட்டில் அடங்கும்.

பிளாஸ்டர் 1988ஆம் ஆண்டு வெளிவந்து 2006 வரை பெரிய மாற்றமில்லாமல் விற்பனையில் இருந்த வண்டி. ஒற்றை சிலிண்டர், 195 சிசி, காற்றால் குளிரும் எஞ்சின், ஆறு கியர், ஸ்டார்ட் செய்ய உதைக்கும் கிக்கர் மட்டும். பேட்டரி கிடையாது, ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டரின் விட்டம் 66 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 57 மில்லிமீட்டர். இதன் அண்ணனான பான்ஷீ இரட்டை சிலிண்டர் கொண்ட 347 சிசி வண்டி. அதன் அளவான 64க்கு 54 என்பதைக் கேட்டவுடன் தமிழ்நாட்டு நண்பர்கள் ராஜ்தூத் 350ஐ நினைத்துக்கொள்வார்கள், ஏனென்றால் இரண்டும் யமஹாவின் ஆர்.டி. குடும்பத்தில் பிறந்தவை. பான்ஷீயின் வேகமும் சத்தமும் யாரையும் மயக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் கார்புரேட்டர் இரண்டு, பிஸ்டன் இரண்டு, தண்ணீர்ப் பாதை வேறு. விலையும் பிளாஸ்டரைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் சொல்கிறார்கள். கற்றுக்கொள்கிற காலத்தில் தவறு செய்வது உறுதி என்பதால், ஒரு பிஸ்டனோடு தவறு செய்வதே மலிவு.

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவில், கடற்கரை நகரான டர்பனுக்கு வடக்கே வெருலத்தில். வண்டி கிடைத்ததோ 14,000 ராண்டுக்கு, ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய பாக்ஸ்பர்க்கில். மைத்துனரின் பக்கியை (பிக்கப் வண்டி) எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது அதன் பீங்கான் நல்ல பழுப்பு நிறத்தில் இருந்தது. சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ் 95 பிஎஸ்ஐ காட்டியது. ஊரில் பார்த்திருந்தால் குறைவென்று சொல்லியிருப்பேன், ஆனால் 1,600 மீட்டருக்கு மேலான அந்த உயரத்தில் காற்றழுத்தமே கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இறங்கிவிடுவதால், அதே எஞ்சின் டர்பனில் 115 அளவுக்குக் காட்டும் என்று கணக்குப் போட்டு மனம் சமாதானமானேன். இரண்டாவது உதையில் எஞ்சின் பிடித்தது. பின் ஆக்சிலை ஆட்டிப் பார்த்தேன், பேரிங்கில் ஆட்டமில்லை. எஞ்சினுக்குக் காற்று போகும் பெட்டியான ஏர் பாக்ஸின் மூடியைக் காணோம் என்பதைப் பார்த்தும், அதன் பொருள் என்ன என்று அப்போது யோசிக்கவில்லை.

காற்றழுத்தத்தைக் கணக்கில் எடுத்து கம்ப்ரெஷனைச் சரியாக மதிப்பிட்ட எனக்கு, அதே காற்றழுத்தம் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளையான ஜெட்டையும் பாதிக்கும் என்பது ஏன் தோன்றவில்லை என்று இன்றும் வெட்கமாக இருக்கிறது. மலைமேல் காற்று மெலிந்திருப்பதால், அதற்கேற்றபடி பெட்ரோலும் குறைவாகப் போக வேண்டும்; ஆகவே ஜோகன்னஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் விவரம் தெரிந்தவர்கள் கார்புரேட்டரில் சிறிய மெயின் ஜெட்டைப் போட்டுக்கொள்கிறார்கள், அது அங்கே மிகச் சரி. அந்த வண்டியை அப்படியே ஏற்றி, வான் ரீனன் கணவாய் வழியாகக் கடற்கரைக்கு இறக்கிவிட்டால், கனமான காற்றுக்குப் போதாத பெட்ரோல்தான் அந்தச் சிறிய துளை வழியே வரும். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு சேர்ந்துதான் பிஸ்டனுக்கு ஆயிலும் குளிர்ச்சியும் போகின்றன. பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும். ஏறிய சூட்டில் அலுமினிய பிஸ்டன் விரிந்து, இரும்புச் சுவரைப் பிடித்துக்கொள்ளும். ஏர் பாக்ஸின் மூடி இல்லாததால் காற்று இன்னும் தாராளமாக வந்து நிலைமையை மோசமாக்கியது.

டோங்காட்டுக்கு அருகே, தோட்ட உரிமையாளரின் அனுமதியோடு, கரும்புக்கு நடுவே போகும் நேர் மண்பாதையில் நான்காம் கியரில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து ஓட்டினேன். எஞ்சினின் குரல் ஒரு கணம் வழக்கத்தைவிடக் கூர்மையாகி, வண்டி திடீரென்று நன்றாக இழுப்பதுபோல் தோன்றியது; அதை நான் மகிழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டேன். அடுத்த கணம் பின்சக்கரங்கள் இரண்டும் இறுகின. விரல் தானாகக் கிளட்சைப் பிடித்ததால் கீழே விழாமல் உருண்டு நின்றேன். கழற்றிய பிளக் சுண்ணாம்புபோல் வெளுத்து, அதன் முனையில் அலுமினியத் துகள்கள் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருந்தன. சிலிண்டரைத் தூக்கியபோது பிஸ்டனின் சைலன்சர் பக்கம் முழுவதும் மேலிருந்து கீழாகக் கீறல். பிஸ்டனைச் சுற்றி நான்கு இடங்களில் கீறல் இருந்தால் எஞ்சினைச் சூடாக்காமல் விரட்டியது காரணம் என்பார்கள். சைலன்சர் பக்கம் மட்டும் என்றால் பெரும்பாலும் பெட்ரோல் பற்றாக்குறைதான்.

இந்த இடத்தில்தான் பிளாஸ்டரின் அருமை எனக்குப் புரிந்தது. சிலிண்டரின் உள்ளே இருப்பது வார்ப்பிரும்பு ஸ்லீவ். நவீன வண்டிகளின் பூச்சுச் சிலிண்டரைப் போல வெளியூருக்கு அனுப்பிப் பூச வேண்டியதில்லை. லேத் பட்டறை ஒன்று இருந்தால் ரீபோர் செய்து, அதாவது சிலிண்டர் துளையைச் சற்றுப் பெரிதாக்கி, கால் மில்லிமீட்டர் பெரிய பிஸ்டனைப் போட்டு மறுபடி ஓட்டலாம். என் பிஸ்டனின் தலையில் 66.50 என்று பொறித்திருந்தது, அதாவது ஏற்கெனவே இரண்டு முறை அளவு கூடியிருந்தது. சிலிண்டரை மட்டும் துணியில் சுற்றிக்கொண்டு எங்கள் ஊரில் வயதான ஒரு லேத்காரரிடம் போனேன். "ரீபோர் போட்டுக் குடுங்க மாமா" என்றதற்கு அவர் சிலிண்டரைத் தொடக்கூட இல்லை. "பிஸ்டன் எங்க தம்பி? பிஸ்டன் கையில வராம எந்த அளவுக்குப் போடறது?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். 66.75 என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, பிஸ்டன் செய்தவர் காகிதத்தில் சொல்லும் இடைவெளியைக் கூட்டித்தான் அவர் துளைப்பார். அப்படிச் செய்யாத பட்டறையை நீங்களும் நம்ப வேண்டாம்.

பத்து நாள் கழித்து பிஸ்டனோடு போனபோது அவர் செய்த வேலையை அருகில் நின்று பார்த்தேன். துளைத்து முடித்ததும் ஹோன் கல்லால் சுவரில் சாய்வான குறுக்குக் கோடுகள் இட்டார், அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்கும். பிறகு ஒரு சிறிய அரத்தை எடுத்து, சிலிண்டர் சுவரில் உள்ள திறப்புகளான போர்ட்கள் ஒவ்வொன்றின் விளிம்பையும் மெல்ல மழுக்கினார். நான் கவனித்திராவிட்டால் இதை ஒரு வேலையாகவே எண்ணியிருக்க மாட்டேன். ரீபோர் செய்தபின் போர்ட்டின் விளிம்பு கத்திபோல் நிற்கும். அதில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் மாட்டினால் புது பிஸ்டன் முதல் நாளே போய்விடும். கடைசியாக ரிங்கைச் சிலிண்டருக்குள் தள்ளி, அதன் இரு முனைகளுக்கும் இடையே ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய தகட்டை விட்டு அளந்து காட்டினார். கூலி 650 ராண்ட். இவ்வளவு கவனத்துக்கு அது குறைவு என்றே சொல்வேன்.

எஞ்சினைச் சேர்த்தபின், கிக்கரைத் தொடுவதற்கு முன்பே லீக் டெஸ்ட் செய்தேன். இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் ரப்பர் அடைப்பால் மூடி, சைக்கிள் பம்பு கொண்டு 6 பிஎஸ்ஐ அளவுக்கு மட்டும் காற்றேற்றி, கேஜைப் பார்த்துக்கொண்டே ஆறு நிமிடம் காத்திருக்க வேண்டும். அழுத்தம் இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி எங்கே வருகிறது என்று தேடலாம். எனக்கு மேக்னெட் பக்கத்தில், கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரப்பர் வளையமான கிராங்க் சீலில் குமிழி வந்தது. அந்தச் சீல் ஒழுகினால் எஞ்சின் வெளிக்காற்றை உறிஞ்சும், ஜெட்டை எவ்வளவு பெரிதாக்கினாலும் பயனில்லை. கிளட்ச் பக்கத்துச் சீல் ஒழுகினால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை கக்கும். பழைய வண்டி வாங்குபவர் இந்த இரண்டு சீலையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுவது நல்லது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆயில் தானாகக் கலக்கும் பம்பு இதில் உண்டு. நல்ல நிலையில் இருந்தால் வைத்துக்கொள்ளலாம்; என் பம்பின் வயதை நான் நம்பாததால் கழற்றிவிட்டு, 5 லிட்டர் பெட்ரோலுக்கு 156 மில்லிலிட்டர் ஆயில், அதாவது 32க்கு 1 என்ற கணக்கில் கலக்கிறேன். ஆக்சிலரேட்டர் கேபிள் சிக்கிக்கொண்டால் எஞ்சினை அடக்குவதற்காக யமஹா வைத்த டார்ஸ் என்னும் அமைப்பு, பழசானபின் காரணமில்லாமல் எஞ்சினைத் திணறவைக்கும். பலர் அதைப் பிடுங்கி எறிகிறார்கள். நான் சுவிட்சுகளைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன், கேபிள் சிக்குவது கற்பனையான ஆபத்து இல்லை என்பதால். 2003க்கு முந்தைய வண்டிகளின் முன் பிரேக் கேபிளால் இயங்கும் டிரம். ஓடையைக் கடந்தால் நனைந்து, காயும்வரை பேருக்குத்தான் பிரேக். முன்பக்கம் குறுகலாக இருப்பதால் வளைவில் உடலைச் சாய்க்காமல் உட்கார்ந்திருப்பவரைக் கவிழ்த்துவிடும். பதினாறு வயதுக்குக் குறைந்தவருக்கு இந்த வண்டி இல்லை என்று யமஹாவே சொல்கிறது. பேரப்பிள்ளைகள் எவ்வளவு அடம்பிடித்தாலும் நான் சாவியைத் தருவதில்லை.

கடற்கரையில் ஓட்டலாம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பொழுதுபோக்குக்காகக் கடற்கரை மணலில் வண்டி ஓட்டுவது 2002 ஜனவரி முதல் இந்த நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளது. கரும்புத் தோட்டப் பாதை என்றால் உரிமையாளரின் அனுமதி வேண்டும். இதைத் தவிர உப்புக் காற்று வேறு இருக்கிறது. ஓட்டாமல் நிறுத்திய மூன்று மாதத்தில் என் ஆக்சில் செந்நிறமானது, ஆகவே நான் இப்போது ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்துக் கிரீஸ் தடவிய பிறகே மூடுகிறேன்.

வாங்கிய விலையோடு பிஸ்டன், சீல், கேஸ்கெட், லேத் கூலி, செயின், டயர் எல்லாம் சேர்த்து 23,000 ராண்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. விற்றால் அந்தப் பணம் திரும்பாது. முடுக்கிய உடன் ஓட வேண்டும், கையில் கறை படக் கூடாது என்பவர்கள் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி வாங்கிக்கொள்வது நல்லது. எனக்கோ நாலு படி பெரிய ஜெட்டும் மூடிய ஏர் பாக்ஸுமாக அதே நேர்ப்பாதையில் ஓடிவிட்டு பிளக்கைக் கழற்றி, மறுபடி பழுப்பு நிறம் பார்த்த அந்த மாலைக்காகவே கொடுத்த பணம் தகும். பாக்ஸ்பர்க்கிலிருந்து வந்த அந்தச் சிறிய ஜெட்டை மருந்துக் குப்பியில் போட்டு, அளவை எழுதி ஒட்டி, சீட்டுக்கு அடியில் கட்டிவைத்திருக்கிறேன். என்றாவது இந்த வண்டியை ஜோகன்னஸ்பர்க்காரர் யாராவது வாங்கிப் போனால் அவருக்கு அது தேவைப்படும்.