அல்காட்டர் சி-மாட்டின் எக்ஸ் கதிர்ப் படிம நிறமாலைமானி: ஒரு மதிப்பீடு

பல கோடி டிகிரி வெப்பத்தில் கொதிக்கும் பிளாஸ்மாவுக்குள் (அயனிகளும் எலக்ட்ரான்களும் பிரிந்து நிற்கும் வாயுவுக்குள்) எந்த வெப்பமானியையும் நுழைக்க முடியாது. அது உமிழும் ஒளியைப் படித்துத்தான் அதன் நிலையை அறிய வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் 2016 வரை இயங்கிய அல்காட்டர் சி-மாட் டோகாமாக்கில் (பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் வளைய வடிவில் அடைத்து வைக்கும் அணுக்கரு இணைவு ஆய்வுக்கலத்தில்) பொருத்தப்பட்டிருந்த எக்ஸ் கதிர்ப் படிம நிறமாலைமானி, இந்தப் பணிக்காக உருவான கருவிகளுள் நான் மிக உயர்வாக மதிப்பது.

அமைப்பு வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது. கோள வடிவில் வளைத்த இரண்டு குவார்ட்ஸ் படிகங்கள், பிளாஸ்மாவில் சிறிதளவு கலக்கப்பட்ட ஆர்கான் அயனிகள் உமிழும் 3.7 முதல் 4.0 ஆங்ஸ்ட்ராம் வரையிலான கதிர்களை ஒரு திசையில் அலைநீள வாரியாகப் பிரிக்கின்றன; அதற்குச் செங்குத்தான திசையில் பிளாஸ்மாவின் குறுக்குவெட்டையே படிமமாக விரிக்கின்றன. முந்தைய படிக நிறமாலைமானிகள் ஒரு பார்வைக்கோட்டின் ஒட்டுமொத்த ஒளியை மட்டுமே தந்தன. இதுவோ ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடப்பிரிதிறனுடன், விநாடிக்கு 200 படங்கள் வரை எடுத்தது. பிரின்ஸ்டன் ஆய்வகத்தில் மான்ஃப்ரெட் பிட்டர் முதலியோர் வகுத்த கருத்து இவ்வளவு தூரம் பலித்ததற்கு, ஒவ்வொரு போட்டானையும் தனித்தனியே எண்ணும் பிலாட்டஸ் உணர்கருவிக்கும் பெரும் பங்குண்டு. பல மெல்லிய கம்பிகளால் கதிர்களை உணரும் பழைய பல்கம்பி எண்ணிகள் இத்தனை கதிர்களைத் தாங்கியிருக்க மாட்டா.

நிறமாலைக் கோட்டின் அகலம் அயனி வெப்பநிலையையும், அதன் இடப்பெயர்ச்சி சுழற்சி வேகத்தையும், அதை ஒட்டித் தோன்றும் மங்கலான துணைக்கோடுகளின் ஒப்புச் செறிவு எலக்ட்ரான் வெப்பநிலையையும் சொல்லிவிடுகின்றன. இவற்றை அறிய நடுநிலைத் துகள்கற்றை (மின்னேற்றமற்ற அணுக்களின் கற்றை) எதையும் பாய்ச்ச வேண்டியதில்லை என்பதே, என் பார்வையில், இதன் தலையாய சிறப்பு.

சுழற்சி அளவீட்டில்தான் எச்சரிக்கை தேவை. விநாடிக்கு 10 கிலோமீட்டர் வேகம்கூட அலைநீளத்தை முப்பதாயிரத்தில் ஒரு பங்கே நகர்த்தும். படிகம் ஒரு டிகிரி சூடேறினாலே அதன் விரிவு, விநாடிக்குச் சுமார் நான்கு கிலோமீட்டர் அளவுக்கு இல்லாத சுழற்சியைக் காட்டிவிடும். ஆகவே படிகத்தின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தாமலும், சுழியப் புள்ளியை (சுழற்சியே இல்லாதபோது கோடு இருக்கும் இடத்தை) தனியே நிறுவாமலும் தரப்படும் வேக எண்களை நான் ஏற்கத் தயங்குவேன். பார்வைக்கோடு நெடுகச் சேர்ந்த ஒளியிலிருந்து பிளாஸ்மாவின் ஒவ்வொரு இடத்துக்குமான மதிப்புகளைக் கணித முறையில் மீட்டெடுக்கும்போது பிழை பெருகும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பிரான்ஸில் கட்டப்பட்டுவரும் ஐட்டர் போன்ற மாபெரும் அணுக்கரு இணைவு உலையின் மையத்தில் ஆர்கான் தன் எலக்ட்ரான்கள் அனைத்தையும் இழந்துவிடுவதால், அங்கே செனான் போன்ற கனமான தனிமங்களை நாடியாக வேண்டும். நடுத்தர அளவுள்ள டோகாமாக்குக்கு, குறிப்பாகத் துகள்கற்றை வசதி இல்லாத இடத்துக்கு, இந்த வடிவமைப்பை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.