ஹாலிடே மெம்பர்ஷிப்: கையெழுத்துக்குப் பிறகு வரும் வருடங்கள்

ஹாலிடே மெம்பர்ஷிப் என்பது மொத்தமாக ஒரு விலையும் வருடாவருடம் சந்தாவும் கட்டி, ஒரு நிறுவனத்தின் ரிசார்ட்டுகளில் பல வருடங்களுக்கு ஆண்டுக்குச் சில இரவு தங்கும் உரிமை; டைம்ஷேர் என்றும் சொல்வார்கள். அதைப் பற்றிய நல்ல விமர்சனங்கள் பெரும்பாலும் முதல் பயணம் முடிந்த சூட்டோடு எழுதப்படுபவை. அறை சுத்தம், காலை டிபன் பிரமாதம், பிள்ளைகள் நீச்சல் குளத்தை விட்டு வெளியே வரவில்லை என்று நாலு நட்சத்திரம் விழும். அதில் பொய் எதுவும் கிடையாது. பெரிய நிறுவனங்களின் ரிசார்ட்டுகள் நன்றாகவே இருக்கின்றன. மெம்பர்ஷிப்பின் நிஜமான மதிப்பு தெரிவது மூன்றாவது, நான்காவது வருடத்தில்: மே மாதத்துக்கு ஊட்டியில் அறை கேட்டுக் கிடைக்காதபோது, வருடச் சந்தா ஏறிக்கொண்டே வரும்போது, விற்றுவிடலாம் என்று விசாரிக்கும்போது. அந்த நேரத்தில் ஒப்பந்தத்தை எடுத்துப் புரட்டினால், வாங்கிய அன்று காதில் கேட்டது எதுவும் அதில் இருக்காது. புகார்களில் பெரும்பகுதி இந்த ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது.

விற்பனை நடக்கும் முறை ஊருக்கு ஊர் அதிகம் மாறுவதில்லை. பெட்ரோல் பங்கிலோ மாலிலோ பொருட்காட்சி ஸ்டாலிலோ ஒரு சீட்டில் பெயரும் நம்பரும் எழுதிப் போடச் சொல்வார்கள். சில நாளில் போன் வரும்: "சார், உங்க கூப்பனுக்குப் பரிசு விழுந்திருக்கு. மேடத்தையும் கூட்டிட்டு வந்து வாங்கிக்கோங்க." கணவன் மனைவி இருவரும் வரவேண்டும், கிரெடிட் கார்டோ டெபிட் கார்டோ கையில் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்து வரும் வழியை முதலிலேயே அடைத்துவிடுவதற்குத்தான் இருவரையும் கூப்பிடுகிறார்கள். முக்கால் மணி நேரம் என்று சொன்னது இரண்டு, மூன்று மணி நேரமாக நீளும். சத்தமாகப் பாட்டு ஓடும். பக்கத்து மேஜையில் யாராவது சேர்ந்தால் கைதட்டுவார்கள். முதலில் பேசியவரால் முடியாமல் போனால் மேனேஜர் என்று ஒருவர் வந்து உட்கார்ந்து, "இன்னைக்கு மட்டும்" என்று ஒரு விலை சொல்வார். அந்த விலை அடுத்த வாரமும் கிடைக்கும். நாளைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றால் கிடைக்காது என்று சொல்லப்படும் எந்தத் தள்ளுபடியையும், மறுத்துவிட்டு வருவதால் நஷ்டம் இல்லை.

அந்த மேஜையில் உற்றுப் பார்க்க வேண்டியது ஒரு வெள்ளைத் தாள். விற்பவர் பேசிக்கொண்டே அதில் எழுதுவார்: நடுவில் ஒரு கோடு, இடப்பக்கம் நீங்கள் 25 வருடத்தில் ஓட்டலுக்குக் கொடுக்கப்போகும் தொகை, வலப்பக்கம் மெம்பர்ஷிப் விலை. "எப்ப வேணும்னாலும்", "வேண்டாம்னா வித்துக்கலாம்", "வெளிநாடும் இதிலேயே" என்று வாயால் சொல்லும்போது பேனா ஒரு வட்டம் போடும், ஓர் அம்புக்குறி போடும், சொல்லை எழுதாது. கையெழுத்து ஆனதும் உங்கள் கைக்கு வருவது அச்சடித்த படிவமும் ரசீதும். வெள்ளைத் தாள் அவர் பைலுக்குள் போய்விடும். பின்னாளில் பொய் வாக்குறுதியை நிரூபிக்க அதைவிட நல்ல சான்று கிடையாது. எழுந்திருக்கும் முன் அதைப் போனில் படம் பிடியுங்கள். "மே மாசம் ஊட்டி கிடைக்கும்னு இதிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க" என்று கேளுங்கள். போட மாட்டார்கள். நீங்கள் முடிவெடுக்க அந்தத் தயக்கமே போதும்.

பணம் கட்டியதும் வெரிபிகேஷன் என்று இன்னொருவர் வருவார். ஒரு பட்டியலில் வரிசையாக டிக் அடித்துக் கையெழுத்து வாங்குவார். "எழுத்தில் இல்லாத எந்த உறுதியும் எனக்குத் தரப்படவில்லை" என்ற வரி அதில் இருக்கும். இரண்டொரு நாளில் வெல்கம் கால் வரும், அது பதிவாகும். "எல்லாம் புரிஞ்சுதா சார்?" என்ற கேள்விக்கு மரியாதைக்குச் சொல்லும் "ஆமா" பிறகு நுகர்வோர் ஆணையத்தில் உங்களுக்கு எதிராக வைக்கப்படும். அந்த அழைப்பில் உங்களுக்குச் சொல்லப்பட்ட வாக்குறுதிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்பது நல்லது. பதிவு அவர்களிடம் இருக்கிறது என்பது அப்போது உங்களுக்கும் சாதகம்.

இலவசப் பரிசு வவுச்சரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு இரவு தங்கல் என்று இருக்கும். ஆக்டிவேஷன் கட்டணம், வரி, சாப்பாடு தனி, விடுமுறை நாட்களில் செல்லாது, பல வாரம் முன்பே கேட்கவேண்டும் என்று பின்பக்கத்தில் இருக்கும். தருவதாகச் சொல்லிவிட்டுத் தரும் எண்ணமே இல்லாமல் பரிசை வைத்து வியாபாரம் செய்வது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(47)-ல் முறையற்ற வணிக நடைமுறையாகப் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதனால் வவுச்சரைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

அடுத்தது சீசன் நிறம். சிவப்பு, வெள்ளை, நீலம் என்று வருடத்தைப் பிரிப்பார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும். விலை குறைவு என்று எடுக்கப்படும் நிறம் பெரும்பாலும் கூட்டம் குறைந்த மாதங்களுக்கானது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள தமிழ்நாட்டுக் குடும்பத்துக்குப் போக முடிகிற நாட்கள் ஏப்ரல் கடைசி, மே, காலாண்டு விடுமுறை, தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல். மலைவாசஸ்தலங்களில் இவை எல்லாமே உச்ச சீசன். குறைந்த நிறத்துக்குத் திறந்திருக்கும் ஜூன், ஜூலையில் பள்ளி நடக்கும், மலையில் மழை. உச்ச நிறம் எடுத்தவர்களுக்கும் அறை உறுதி கிடையாது. "அறை இருப்பைப் பொறுத்து" என்ற வரி பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கிறது. முன்பதிவு தொடங்கும் நாள் காலையிலேயே கேட்பவர்களுக்குக் கிடைக்கிறது. அலுவலகத்தில் லீவு உறுதியானபின் கேட்பவர்களுக்குக் கிடைப்பதில்லை. உறுப்பினர்களுக்கு இல்லை என்று காட்டும் அதே தேதியில் ஓட்டல் புக்கிங் தளங்களில் அதே ரிசார்ட் அறை காசுக்குக் கிடைக்கிறது என்பது திரும்பத் திரும்ப வரும் புகார். அப்படிப் பார்த்தால் இரண்டு திரையையும் தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

வாங்குமுன் சோதிக்க ஒரு வழி உண்டு. ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவரின் லாகினில் வரும் மே மாதத்தின் இரண்டாம் வாரத்தைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் தன் டேப்லெட்டில் காட்டும் காலண்டரை நம்பவேண்டாம்.

இப்போது கணக்கு. விலை 5,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 5,90,000. வருடம் 7 இரவு, 25 வருடம்: 175 இரவு. விற்பவர் இதை வகுத்து, "ஒரு ராத்திரிக்கு 3,371 ரூபாதான் சார்" என்பார். வருடச் சந்தா இந்தக் கணக்கில் வராது. தங்கினாலும் தங்காவிட்டாலும் அதைக் கட்டவேண்டும். வரியோடு முதல் வருடம் 20,000, ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால் 25 வருடத்தில் சந்தா மட்டும் சுமார் 10,97,000 ரூபாய். கடைசி வருடச் சந்தா ஏறக்குறைய 81,000. மொத்தத்தை 175-ஆல் வகுத்தால் இரவுக்கு சுமார் 9,640 வருகிறது. ஏழு இரவும் எடுக்க முடியாமல் சராசரியாக வருடம் நாலு இரவுதான் தங்கினீர்கள் என்றால் அது 16,800-ஐத் தாண்டும். இதையே வேறு பக்கமாகப் பாருங்கள்: அந்த 5,90,000-ஐ 7 சதவீத வட்டிக்கு வைப்புநிதியில் போட்டால் வருடம் 41,300 வருகிறது. கட்டாத சந்தா 20,000-ஐயும் சேர்த்தால் முதல் வருடமே 7 இரவுக்கு, இரவுக்கு சுமார் 8,750 ரூபாய் கையில் நிற்கும். அசலும் அப்படியே இருக்கும், எந்த ஊருக்கும் எந்தத் தேதியிலும் போகலாம். பெரிய அறையில் கூட்டுக் குடும்பமாக, ஆறு மாதம் முன்பே திட்டமிட்டு, ஒரு வருடம் விடாமல் போகிறவர்களுக்கு மட்டுமே மெம்பர்ஷிப் கணக்கு ஓரளவு ஒத்துவருகிறது.

தவணையில் எடுத்தால் இன்னும் மோசம். 15 சதவீதம் முன்பணம் போக மீதி 5,01,500-க்கு 15 சதவீத வட்டியில் 48 மாதம் என்றால் மாதம் சுமார் 13,960. வட்டி மட்டும் 1,68,000-க்கு மேல்.

சொத்து என்ற பேச்சும் தவறானது. உங்களுக்குக் கிடைப்பது தங்கும் உரிமை மட்டும். பத்திரப் பதிவு இல்லை, நிலத்தில் பங்கு இல்லை. கைமாற்ற டிரான்ஸ்பர் கட்டணம் உண்டு, வாங்குகிற ஆள் கிடைப்பது அரிது. உங்கள் இரவுகளைக் கொடுத்து வெளிநாட்டு ரிசார்ட்டில் தங்கும் பரிமாற்றம் வேறொரு நிறுவனத்தின் வழியாக நடப்பது. அதற்குத் தனிச் சந்தா, ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனிக் கட்டணம். தங்காமலேயே வருமானம் வரும், பணம் பெருகித் திரும்பும் என்று யாராவது சொன்னால் அது வேறு ஆபத்து. பான்கார்டு கிளப்ஸ் என்ற நிறுவனம் அறை இரவுகள் என்ற பெயரில் திரட்டிய பணத்தைக் கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி தீர்மானித்து, 7,000 கோடி ரூபாய்க்கு மேல் திருப்பித் தர 2016-ல் உத்தரவிட்டது நினைவில் இருக்கட்டும்.

வெளியே வருவதற்கு எளிதான காலம் முதல் சில நாட்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008-ம் ஆண்டு டைம்ஷேர் விதிப்படி 14 நாள் அவகாசம். அதற்குள் முன்பணம் வாங்கவே தடை. அமெரிக்காவின் புளோரிடாவில் 10 நாள். இந்தியாவில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லாததால் ஒப்பந்தம் என்ன நாள் கொடுக்கிறதோ அதுதான். வீட்டுக்கு வந்த அன்றே ரத்துப் பிரிவைத் தேடிப் படியுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் போனில் பேசி நேரத்தைக் கழிக்காதீர்கள். "மேனேஜர் கூப்பிடுவார்" என்று சொல்லியே அந்த நாட்கள் ஓடிவிடும். உறுப்பினர் எண், தேதி, தொகை, ரத்து செய்கிறேன் என்ற ஒரு வரி போட்டு இமெயில். அதே கடிதம் ஸ்பீட் போஸ்டில். டெலிவரி ஆனதற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கிக்கும் அன்றே எழுத்தில் புகார்.

அந்த நாட்கள் தாண்டினால் பிடித்தம் கனக்கும். பல ஒப்பந்தங்களில் விலை இரண்டாகப் பிரிந்திருக்கும்: நுழைவுக் கட்டணம் என்று பெரும்பகுதி, அது திரும்பாது; மீதிப் பங்கில் பயன்படுத்தாத வருடங்களுக்கு மட்டும் ஏதோ திரும்பும். வாங்கும்போது இந்தப் பிரிவை யாரும் காட்டுவதில்லை.

இஎம்ஐ எடுத்தவர்கள் கோபத்தில் தவணையை நிறுத்திவிடுகிறார்கள். இதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். கடன் கொடுத்தது வேறொரு நிதி நிறுவனமாக இருந்தால் அது தனி ஒப்பந்தம். ரிசார்ட் ஏமாற்றினாலும் கடன் ஓடும், சிபில் என்ற கடன் மதிப்பெண் விழும். பின்தேதியிட்ட காசோலை கொடுத்திருந்து அது திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டப் பிரிவு 138-ல் வழக்கு வரும். ஆகவே கடன் நிறுவனத்துக்குத் தனியாக எழுதுங்கள். கடனின் முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். டிஜிட்டல் கடனாக இருந்தால், அசலையும் அதுவரையான வட்டியையும் கட்டி அபராதமில்லாமல் வெளியேறும் கால அவகாசம் ரிசர்வ் வங்கி விதியில் உண்டு; எத்தனை நாள் என்பது அந்த அறிக்கையில் இருக்கும். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். உதவி எண் 14448.

நிறுவனத்தின் மீதான புகாருக்கு முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். சில வழக்குகள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை இங்கேதான். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். ஒப்பந்தத்தில் "மும்பை நீதிமன்றத்துக்கே அதிகாரம்" என்று இருப்பதைப் பார்த்துப் பலர் பின்வாங்குகிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப் பிரிவு 34-ன்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். தகராறை நடுவர் மூலம்தான் தீர்க்கவேண்டும் (ஆர்பிட்ரேஷன்) என்ற பிரிவு இருந்தாலும் ஆணையத்தின் கதவு மூடாது. எமார் எம்ஜிஎஃப் என்ற கட்டுமான நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-ல் இதை உறுதி செய்தது.

புகாரை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் பாதி வெற்றி. "பொய் சொல்லி விற்றார்கள்" என்பதை மட்டும் நம்பிப் போனால் அந்த வெரிபிகேஷன் படிவத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். அதோடு சேவைக் குறைபாட்டையும் முன்னால் வையுங்கள்: எந்தத் தேதியில், எந்த ஊருக்குக் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று ஒரு அட்டவணை, பக்கத்தில் ஸ்கிரீன்ஷாட். ஏழெட்டு மறுப்புகள் தேதியோடு இருந்தால், மேஜையில் என்ன பேசினார்கள் என்ற தகராறு பின்னுக்குப் போய்விடும். மின்னணுச் சான்றுகளுக்கு 2023-ம் ஆண்டு பாரதிய சாட்சிய சட்டப் பிரிவு 63-ன்படி சான்றிதழ் இணைக்கவேண்டும். ஒப்பந்தமே நியாயமற்றது என்ற வாதம் வேண்டுமானால் அது மாவட்ட ஆணையத்தில் எடுபடாது; அந்த அதிகாரம் மாநில, தேசிய ஆணையங்களுக்குத்தான். காலக்கெடு இரண்டு வருடம். ஒவ்வொரு மறுப்பும் புதிய காரணம் என்று வாதிட முடியும் என்றாலும் அதை நம்பி உட்காராமல் முதல் மறுப்பிலிருந்தே நாளை எண்ணுங்கள்.

பழைய உறுப்பினர்களைக் குறிவைத்து இரண்டு அழைப்புகள் வருகின்றன. ரிசார்ட்டில் தங்கியிருக்கும்போது "மெம்பர் மீட்டிங்" என்று காலை உணவுக்குப் பின் உட்காரவைத்து, இரவுகளுக்குப் பதில் புள்ளிகளைச் செலவழித்துத் தங்கும் பாயிண்ட் முறைக்கு மாறினால் முன்பதிவுச் சிக்கல் தீரும் என்று மேலும் சில லட்சம் கேட்பது ஒன்று. பழைய சிக்கல் எதுவும் அதில் தீர்வதில்லை. புதிய கையெழுத்தால் பழைய புகார்தான் பலவீனமாகிறது. இன்னொன்று, "உங்க மெம்பர்ஷிப்பை வாங்க பார்ட்டி ரெடி" என்று வரும் போன். என்ஓசிக்கு (தடையில்லாச் சான்று) இவ்வளவு, ஜிஎஸ்டிக்கு இவ்வளவு முதலில் போடுங்கள் என்பார்கள். உண்மையில் வாங்குகிறவர் விற்கிறவரிடம் பணம் கேட்க மாட்டார். ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அடியுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்த வாய்ப்பு இருப்பது முதல் சில மணி நேரத்தில்தான்.