ரிங் ரோட்டு அடியும் தென்னை மரத்து அடியும்

ரிங் ரோட்டில் அடிபட்டவருக்கும் சோழவந்தான் பக்கம் தென்னையிலிருந்து விழுந்தவருக்கும் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தலைக்காயம்தான். ஆனால் எலும்பு முறிகிற விதம் வேறு.

நடந்து போகிறவரைக் கார் மோதினால், பம்பர் முதலில் முழங்காலை ஒட்டிக் கீழே அடிக்கும். கீழ்க்கால் எலும்பு ஆப்பு வடிவத்தில் உடையும். அப்புறம் தூக்கி வீசப்பட்டு மண்டை தரையில் மோதும். பைக்கில் போனவருக்கு மண்டை, விலா, தொடை. தொடை எலும்பு ஒன்று முறிந்தாலே ஒரு லிட்டர் ரத்தம் உள்ளேயே கசியலாம். இடுப்பு எலும்பு வளையம் உடைந்தால் இன்னும் மோசம். வெளியே சொட்டு ரத்தம் தெரியாது. நம் ஊரிலோ 'லேசான அடிதான்' என்று சோடா வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள்!

மரத்திலிருந்து விழுந்தவருக்கு எது முதலில் தரையில் பட்டது என்பதே கணக்கு. காலூன்றி விழுந்தால் குதிகால் நொறுங்கும். அந்த விசை மேலேறி முதுகெலும்பை நசுக்கும். உயரம் அதிகமென்றால் மண்டையோட்டின் அடிப்பகுதியே வளையமாக உடையும். குதிகால் உடைந்தவருக்கு முதுகையும் எக்ஸ்ரே எடுக்காமல் விடக்கூடாது.

வீட்டுக்குள் வழுக்கி விழும் பாட்டிமார் தனி ரகம். முறிவது தொடை எலும்பின் கழுத்து. கொல்வது படுத்த படுக்கையில் வரும் நிமோனியாவும் ரத்தக்குழாயில் உறையும் ரத்தக்கட்டியும்.