முன்பல்லுக்கு கேப் போடப் போகிறீர்களா? ஷேடு பார்ப்பதில் உஷார்

மேல் வரிசை நடுப்பல்லில் ரூட் கேனால் முடிந்து, சிர்கோனியா (பல் நிறத்தில் வரும் பீங்கான் வகை) கேப்புக்கு 12,000 ரூபாய் கொடுத்தேன். இப்போது சிரித்தால் அந்த ஒரு பல் மட்டும் வெள்ளைவெளேரென்று தனியாகத் தெரிகிறது. கிளினிக் பெயரை எழுதப் போவதில்லை. இதே மாதிரி வேலை எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம் என்பதால் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

போனது இரவு நேரம். பல்லைச் செதுக்கி, அளவெடுத்து, வாயைப் பஞ்சும் காற்றுமாகக் காயவைத்த பிறகுதான் உதவியாளர் ஷேடு கைடை, அதாவது பல் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரிப் பற்களின் வரிசையை, எடுத்து வந்தார். நாற்காலி விளக்கு நேராக முகத்தில். இரண்டு மூன்று மாதிரிப் பற்களை வைத்துப் பார்த்துவிட்டு "ஏ1 சார்" என்றார். டாக்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சீட்டில் எழுதிவிட்டார். கேப் வந்த அன்று நேராக நிரந்தர சிமென்ட் போட்டு ஒட்டினார்கள். கைக்கண்ணாடி காட்டியது அதற்கப்புறம்தான்.

மறுநாள் பகலில் பார்த்ததும் போய்க் கேட்டேன். "நாங்க போட்டது கரெக்ட் ஷேடுதான். உங்க மத்த பல்லுதான் மஞ்சள். ப்ளீச்சிங் பண்ணிக்கோங்க, மேட்ச் ஆயிடும்" என்றார்கள். அதற்குத் தனிக் கட்டணமாம்! கேப்புக்குப் பத்து வருட வாரன்டி கார்டு உண்டு. படித்துப் பார்த்தால் உடைந்தால் மட்டும்தான் மாற்றித் தருவார்கள், நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வேறொரு பல் டாக்டரிடம் காட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. ஈரம் வற்றினால் எந்தப் பல்லும் உள்ளதைவிட வெளுப்பாகத் தெரியும். பழைய நிறம் திரும்ப அரை மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகுமாம். அதனால் ஷேடு பார்ப்பது முதல் வேலையாக, பல்லில் கை வைக்கும் முன்பே நடக்க வேண்டும். பக்கத்துப் பல்லோடு அவர் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டபோது வந்தது ஏ3. வழக்கமான ஷேடு கைடில் ஏ முதல் டி வரை நான்கு குடும்பமாக 16 நிறங்கள். எழுத்து நிறச் சாயலைக் குறிக்கும், எண் ஏற ஏற அடர்த்தி கூடும்.

வெளிச்சமும் முக்கியம். கடை டியூப்லைட்டில் சேலைக்குப் பொருந்திய ஜாக்கெட் துணி வாசலுக்கு வந்ததும் வேறு நிறமாகத் தெரியுமே, அதே கதைதான். லிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு, பளிச்சென்ற உடையைத் துணியால் மூடி, சில வினாடிகள் மட்டும் பார்த்துக் கண்ணை வேறு பக்கம் திருப்ப வேண்டுமாம். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் பழகி, வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.

அதோடு, ஒரு பல்லில் ஒரே நிறம் இருப்பதில்லை. ஈறு ஓரம் மஞ்சள் கூடுதல், நுனி கொஞ்சம் கண்ணாடித்தன்மை. எங்கோ லேபில் உட்கார்ந்திருக்கும் டெக்னீஷியனுக்கு 'ஏ1' என்ற சீட்டு மட்டும் போனால் அவர் என்ன செய்வார், பாவம்? மாதிரிப் பல்லைப் பக்கத்தில் பிடித்து எடுத்த போட்டோ போக வேண்டும். ரூட் கேனால் செய்த பல் உள்ளே கறுத்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

ஒட்டும் முன் கேப்பைப் பல்லில் வைத்து, ஜன்னல் பக்கம் போய்ப் பார்க்கக் கேளுங்கள். அந்தக் கட்டத்தில் நிறம் கொஞ்சம் வெளுப்பாக இருந்தால் லேபில் சாயம் ஏற்றிச் சுட்டுத் தர வாய்ப்புண்டு. ஒட்டியபின் வெட்டித்தான் எடுக்க வேண்டும். ப்ளீச்சிங் ஆசை இருந்தால் அதை முதலில் முடித்து, இரண்டு வாரமாவது விட்டு ஷேடு பாருங்கள். கேப் ப்ளீச்சிங்கில் வெளுக்காது.

காசு கொடுத்துப் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போக வேண்டும். என் பில்லில் வெறும் 'கேப்' என்றுதான் இருக்கிறது. உங்கள் பில்லில் என்ன பொருள், என்ன ஷேடு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.