முதுகு வலிக்கு இருபது அமர்வு மசாஜ் பேக்கேஜ்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

இடுப்பு வலி என்று போன ஒருவர் இருபது அமர்வுக்கும் மொத்தமாகப் பணம் கட்டினார். ஆறாவது அமர்வு முடிந்த இரவு, நடக்கும்போது வலது செருப்பு தானாகக் கழன்று கழன்று விழுந்தது. பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. அந்த ஆறு அமர்வுகளில் நடந்ததை அவர் ஒப்புதலோடு இங்கே வரிசையாகச் சொல்கிறோம். இடத்தின் பெயரைப் போடவில்லை, பெயர்ப் பலகை மாறினாலும் செய்யும் முறை மாறுவதில்லை என்பதால். முதுகில் கை வைத்து வேலை செய்வதுதான் எங்கள் தொழில். அவரை எங்கே ஏமாற்றினார்கள், எங்கே தெரியாமல் செய்தார்கள் என்று பிரித்துச் சொல்ல எங்களால் முடியும்.

முதல் நாள், ஷூவைக் கழற்றாமலே கவிழ்ந்து படுக்கச் சொன்னார்கள். இரண்டு குதிகாலையும் சேர்த்துப் பிடித்து, "சார், உங்க வலது கால் முக்கால் இஞ்ச் குட்டையா இருக்கு பாருங்க. இடுப்பெலும்பு மேல ஏறிப்போச்சு. ஜவ்வும் விலகியிருக்கு" என்று செல்போனில் படம் எடுத்துக் காட்டினார்கள். பத்து நிமிடம் இடுப்பைத் திருகி, ஒரு சொடக்குச் சத்தம் வரவழைத்து, மறுபடி படம் எடுத்தார்கள். இரண்டு குதிகாலும் ஒரே கோட்டில் இருந்தன. பணம் கட்ட அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

இந்தப் படத்தை யாருக்கு வேண்டுமானாலும் எடுத்துக் காட்டலாம். பிடிக்கிற கையின் கட்டைவிரல் ஒரு ஷூவின் அடிப்பகுதியைச் சற்று மேலே தள்ளினாலே போதும், அந்தக் கால் குட்டையாகத் தெரியும். ஷூ தளர்வாக இருந்தால் இன்னும் சுலபம். படுத்திருப்பவர் இடுப்பைக் கொஞ்சம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டாலும் இதே கதைதான். இரண்டு காலும் மில்லிமீட்டர் சுத்தமாகச் சமமாக இருப்பவர்கள் குறைவு. சில மில்லிமீட்டர் வித்தியாசத்தோடு வாழ்நாள் முழுக்க வலியில்லாமல் நடப்பவர்கள் ஏராளம். கால் நீளத்தைச் சரியாகப் பார்க்க வேண்டுமானால் நிற்க வைத்து, குட்டையான காலுக்கு அடியில் அளவு தெரிந்த மெல்லிய பலகைகளை வைத்து இடுப்பு மட்டமாகும்வரை பார்ப்பார்கள், அல்லது நின்ற நிலையில் எக்ஸ்ரே எடுப்பார்கள்.

இன்னும் இரண்டு வித்தைகள் உண்டு. ஒன்று, குனிந்து தரையைத் தொடச் சொல்வது. முதல் தடவை முழங்காலுக்குக் கீழே ஒரு சாண்தான் கை போகும். எதையோ செய்துவிட்டு மறுபடி குனியச் சொன்னால் கணுக்கால்வரை போகும். யாரும் தொடாமலே நான்கைந்து முறை குனிந்து பாருங்கள், அப்போதும் அந்த அளவு போகும். உடல் அந்த இழுப்புக்குப் பழகுகிறது, அவ்வளவுதான். மற்றது, கையை நீட்டச் சொல்லி அமுக்கிப் பார்க்கும் 'பலப் பரிசோதனை'. சிகிச்சைக்கு முன் மணிக்கட்டில் அமுக்குவார்கள், கை இறங்கிவிடும். பிறகு முழங்கைக்குப் பக்கத்தில் அமுக்குவார்கள், கை நிற்கும். நெம்புகோலின் நீளம் குறைந்ததால் நின்ற கை அது.

சொடக்குச் சத்தம் எலும்பு இடத்துக்குத் திரும்பும் சத்தம் அல்ல. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறையும்போது வாயுக் குமிழி உண்டாவதோடு சேர்ந்த சத்தம் அது. விரலைச் சொடுக்கினால் வருவதும் அதுதான். அதே மூட்டை உடனே மறுபடி சொடுக்க முடியாது, சுமார் இருபது நிமிடம் ஆக வேண்டும்.

ஜவ்வு விலகல் என்ற சொல்தான் அதிகப் பயத்தைக் கிளப்புகிறது. ஜவ்வு, அதாவது டிஸ்க், இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவே வழுக்கி நகரும் வில்லை அல்ல. அதைச் சுற்றியுள்ள நார்வளையம் மேல் எலும்பிலும் கீழ் எலும்பிலும் வேரோடிப் பிணைந்திருக்கிறது. அது பிதுங்கலாம், கிழியலாம், உள்ளிருக்கும் கூழ் வெளியே வந்து நரம்பு வேரை அழுத்தலாம். விரலால் தள்ளி உள்ளே வைக்க மட்டும் முடியாது, கையால் எட்டிப் பிடிக்கவே முடியாத ஆழத்தில் அது இருக்கிறது. பிதுங்கிய ஜவ்வு பலருக்கு மாதக்கணக்கில் தானாகவே சுருங்குகிறது. அந்த மாதங்களில் யார் தடவினாலும் பெயர் அவருக்குப் போய்விடும்.

ஸ்கேன் அறிக்கையைக் காட்டிப் பயமுறுத்துபவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. அதில் இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் தெரிந்தது. எண்பது வயதில் அது 96 சதவீதம். 'தேய்மானம்' என்ற சொல்லை வைத்து மட்டும் உங்களுக்கு எத்தனை அமர்வு என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது.

இதுவரை சொன்னது பணத்துக்கான ஏமாற்று. உண்மையான கேடு அவரிடம் கேட்காமல் விட்டவற்றில் இருந்தது. முதுகில் கை வைக்கும் முன் கேட்டே ஆக வேண்டியவை சில இருக்கின்றன. வலி முழங்காலைத் தாண்டி இறங்குகிறதா, பாதத்தில் எந்த விரல் மரத்திருக்கிறது, விழுந்தீர்களா, காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ இருக்கிறதா, முன்பு புற்றுநோய் வந்திருக்கிறதா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, நீண்ட நாளாக ஸ்டீராய்டு எடுக்கிறீர்களா, எலும்பு மெலிந்திருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறாரா, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருக்கிறதா. கடைசிக் கேள்வி ரத்தக் கட்டிக்காக. அந்தக் காலைப் பிசைந்தால் கட்டி நுரையீரலுக்குப் போகலாம். இவற்றோடு, கூச்சப்படாமல் கேட்க வேண்டிய ஒன்றும் உண்டு: சிறுநீர் வழக்கம்போல் போகிறதா, உட்காரும்போது இருக்கையில் படும் இடத்திலும் தொடை இடுக்கிலும் உணர்ச்சி குறைந்திருக்கிறதா? இதற்கு 'சிறுநீர் சரியாகப் போகவில்லை' என்றோ 'அங்கே மரத்திருக்கிறது' என்றோ பதில் வந்தால் மசாஜ் மேசையிலிருந்து இறக்கி நேராக அவசர சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். அங்கே மணிக்கணக்கே முக்கியம், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

பிறகு நான்கு நிமிடப் பரிசோதனை. குதிகாலில் பத்தடி நடக்க வேண்டும், நுனிக்காலில் பத்தடி நடக்க வேண்டும். கால் கட்டைவிரலை மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்லி, எதிராக அமுக்கி, இரண்டு காலையும் ஒப்பிட வேண்டும். மல்லாந்து படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் காலை மெல்ல உயர்த்த வேண்டும். 30 டிகிரிக்கும் 70 டிகிரிக்கும் நடுவே முழங்காலைத் தாண்டிச் சுரீரென்று பாய்ந்தால் நரம்பு வேரைச் சந்தேகிக்க வேண்டும். தொடையின் பின்பக்கம் மட்டும் இழுத்தால் பெரும்பாலும் தசை இறுக்கம். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். அந்த இடத்தில் ஒருவரும் இதைச் செய்யவில்லை.

மூன்றாவது அமர்வில் அவரே சொல்லியிருக்கிறார், வலது கட்டைவிரல் மரத்துப் போகிறது என்று. "ரத்த ஓட்டம் திறக்குது சார், அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வந்தது. நான்காவதிலும் ஐந்தாவதிலும் பிட்டத்தின் நடுவில் முழங்கையை ஊன்றி, உடல் எடையைப் போட்டு, ஐந்து நிமிடம் அசையாமல் நின்றார்கள். அந்த ஆழத்தில் போவது இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பு, உடலிலேயே தடித்த நரம்பு. முழங்காலின் வெளிப்புறத்துக்குச் சற்றுக் கீழே உள்ள எலும்பு முண்டின் கீழேயும் அழுத்தித் தேய்த்தார்கள். தொட்டுப் பாருங்கள், பாதத்தைத் தூக்கும் நரம்பு அங்கே தோலுக்கு அடியிலேயே எலும்பைச் சுற்றி வருகிறது. அதை நசுக்கினாலே பாதம் தொங்கிப்போகும். இடுப்பு நீலமாகக் கன்றிப்போனதற்கு, கெட்ட ரத்தம் வெளியேறுகிறது என்று விளக்கம் சொன்னார்கள். கன்றல் என்பது நுண்குழாய்கள் உடைந்து ரத்தம் தோலுக்கு அடியில் தேங்குவது. எதுவும் வெளியேறவில்லை. மசாஜுக்குப் பிறகு 48 மணி நேரம்வரை உடல் நோவு இருக்கலாம். அதைத் தாண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனால், தசை நசுங்கிச் சிறுநீரகத்தைப் பாதிக்கத் தொடங்கியிருக்கலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

நல்ல கை எப்படி வேலை செய்யும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கவிழ்ந்து படுத்தால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்லிய தலையணை, கணுக்காலுக்குக் கீழே சுருட்டிய துண்டு. கவிழ்ந்தால் வலி கூடுபவருக்கு ஒருக்களித்த படுக்கை, முழங்கால்களுக்கு நடுவே தலையணை. இடுப்பு முழுவதற்கும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும். அதிகமானால் கை வழுக்கும், வழுக்கலை ஈடுகட்ட இன்னும் அழுத்துவார்கள். முதல் ஐந்து நிமிடம் உள்ளங்கையால் நீளமாக நீவல் மட்டும். தசை சூடான பிறகு, தண்டெலும்பின் முனைகளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, இருபுறமும் ஓடும் தசைப்பட்டையில் மெதுவாக இறங்க வேண்டும். எலும்பு முனையின் மேல் அழுத்தம் கூடாது. கடைசி விலாவுக்குக் கீழே முழங்கை போடவே கூடாது. அந்த விலா மெலிந்தது, பின்னால் சிறுநீரகம் இருக்கிறது. இடுப்பெலும்பின் விளிம்புக்குக் கீழே, பிட்டத்தின் மேல் வெளிப்பகுதியில் உள்ள தசையைப் பலர் மறந்துவிடுவார்கள். இடுப்பில் தெரியும் வலி பல பேருக்கு அங்கிருந்து கிளம்புகிறது. நோகிற முடிச்சை 30 முதல் 90 விநாடி பிடித்து விட வேண்டும். வலி பத்துக்கு ஐந்து, ஆறைத் தாண்டக் கூடாது. மூச்சு நின்றாலோ, கால் விரல் சுருண்டாலோ, கை மேசை விளிம்பைப் பற்றினாலோ அழுத்தம் கூடிவிட்டது. இறுகிய தசை மேலும் இறுகத்தான் செய்யும்.

இப்படிச் செய்யும் மசாஜ் முதுகு வலியைக் குறைக்கிறது. அதை நாங்கள் மனதார நம்புகிறோம். நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டலிலும், உடற்பயிற்சி போன்றவற்றோடு மசாஜும் இருக்கிறது. இடுப்பு பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்று அதே வழிகாட்டல் சொல்கிறது. இவருக்குப் பேக்கேஜோடு பெல்ட்டும் விற்றிருந்தார்கள்.

'எங்கள் சிறப்பு முறை' என்று கூடுதல் பணம் கேட்பவர்களுக்கு இன்னொரு செய்தி. அமெரிக்காவில் 401 பேருக்கு நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. வாரம் ஒன்றாகப் பத்து வாரம் மசாஜ். சாதாரணத் தளர்வு மசாஜ், தசை தசையாகத் தேடிச் செய்யும் மசாஜ் என்று இரண்டு பிரிவு. இரண்டு பிரிவுக்கும் வலி குறைந்தது. பிரிவுகளுக்கிடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஒரு வருடத்தில் பயன் பெருமளவு மங்கிவிட்டது. அதனால் ஒவ்வொரு அமர்வாகப் பணம் கொடுங்கள். மூன்று, நான்கு அமர்வில் தூக்கம், குனிதல், நடக்கும் தூரம் ஆகியவற்றில் ஒன்றாவது மாறவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். மாறினால், வலி குறைந்திருக்கும் அந்த இடைவெளியில் நடையையும் பயிற்சியையும் தொடங்குங்கள். புதிதாக வந்த சாதாரண இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கும்.

மறுநாள் காலை மருத்துவர் அவரைக் குதிகாலில் நடக்கச் சொன்னார். வலது பாதம் தரையில் பட்டென்று விழுந்தது. இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது முதுகெலும்புகளுக்கு நடுவே ஜவ்வு பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதை ஸ்கேன் காட்டியது. முழங்கை படாமலும் ஜவ்வு இப்படிப் பிதுங்கும். எங்கள் கோபம் அதற்காக அல்ல. கட்டைவிரல் மரக்கிறது என்று மூன்றாம் அமர்வில் வாய்விட்டுச் சொன்னவரை அனுப்பாமல், இன்னும் மூன்று அமர்வு படுக்க வைத்தார்களே, அதற்காக.

மீதி பதினான்கு அமர்வுப் பணத்தைக் கேட்டபோது, "பேக்கேஜ் சார், ரீஃபண்ட் கிடையாது" என்றார்கள். அவரிடம் ரசீது இருந்தது, விதிமுறை எழுதிய தாள் இல்லை. நீங்கள் இதே நிலையில் இருந்தால் எழுத்தில் கேளுங்கள்: எந்தத் தேதியில் எத்தனை அமர்வு முடிந்தது, எந்த அமர்வில் எந்த அறிகுறியைச் சொன்னீர்கள், என்ன பதில் வந்தது, எத்தனை அமர்வுக்கான தொகை திரும்ப வர வேண்டும். முதல் நாள் எடுத்த அந்தக் கால் படங்களையும் கேட்டு வாங்கி, கடிதத்தோடும் மருத்துவர் குறிப்பின் நகலோடும் சேர்த்து வையுங்கள்.