தாத்தா படத்தில் இல்லாத எழுத்துகளுக்கு 6,500 ரூபாய் கொடுத்தேன்

பழைய படத்திலிருக்கும் விமானம் எது என்று கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்பவர்களிடம் யாராவது படம் அனுப்பப் போகிறீர்களா? ஒரு நிமிடம் இதைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு படம் உண்டு. தாத்தா கோட்டும் தலைப்பாகையுமாக ஒரு சின்ன விமானத்தின் பக்கத்தில் நிற்கிறார். மூடிய கேபின், தலைக்கு மேலே இறக்கை. "மதராசுக்கு வந்த முதல் தபால் விமானமாக்கும்" என்பார் அத்தை. 1932 அக்டோபர் 15-ல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவர, அங்கிருந்து அவருடைய கூட்டாளியான விமானி நெவில் வின்சென்ட் பல்லாரி வழியாக மதராசுக்குக் கொண்டுவந்தாரே, அந்த விமானம். டி ஹாவிலண்ட் கம்பெனியின் புஸ் மாத் ரகம்.

இணையத்தில் ஒரு 'விமான வரலாற்று நிபுணர்' கிடைத்தார். கட்டணம் 6,500 ரூபாய். அசல் படம்தான் வேண்டும் என்றார், கூரியரில் அனுப்பினேன். இந்தப் புத்திக்கு என்ன சொல்வது!

மூன்று வாரத்தில் பளபளவென்று ஒரு பெரிய பிரின்ட்டும் சான்றிதழும் வந்தன. ஜே.ஆர்.டி. ஓட்டிய அதே வி.டி.-ஏ.டி.என். (விமானத்தின் மேல் எழுதியிருக்கும் பதிவு எழுத்துகள்) என்று போட்டிருந்தது. பிரின்ட்டில் அந்த எழுத்துகள் அச்சடித்ததுபோல் தெளிவு. அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்குத்தான் எங்கோ இடித்தது. அசல் படத்தில் வி.டி.-ஏ. வரைக்கும்தான் தெரியும், மிச்சத்தைத் தாத்தாவின் தோள் மறைத்திருக்கும். அந்தக் காலத்தில் இந்தியாவில் பதிவான விமானங்களெல்லாம் வி.டி.-ஏ. என்றுதான் தொடங்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பிரின்ட்டிலோ தாத்தாவின் தோள் கொஞ்சம் இளைத்து, இரண்டு எழுத்துக்கு இடம் விட்டிருந்தது. படத்தைத் தெளிவாக்கும் மென்பொருளின் கைவண்ணம்.

அப்புறம் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்தேன். புஸ் மாத்தில் சக்கரத்தின் கால் இறக்கை சேரும் இடத்தை நோக்கி நெட்டுக்குத்தாக ஏறும். எங்கள் படத்தில் அது முன்பக்கம் என்ஜினை நோக்கிப் போகிறது. இறக்கையும் நுனியை நோக்கிக் குறுகுகிறது, புஸ் மாத்துக்கு அப்படிக் குறுகாது. இரண்டும் அதே கம்பெனி பின்னால் கொண்டுவந்த லெப்பர்ட் மாத் ரகத்தின் அடையாளங்கள். அந்த ரகம் முதன்முதலில் பறந்ததே 1933 மே மாதம்! 1932 தபாலை அது எப்படிச் சுமந்திருக்கும்?

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது சுலபம்தான், ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பயணத்தின் ஐம்பதாம் ஆண்டுக்கு 1982-ல் ஜே.ஆர்.டி.யே தன் 78 வயதில் மறுபடி பறந்தபோது ஓட்டியது லெப்பர்ட் மாத்தைத்தான். ஆனால் குழப்பம் வேறு, எழுத்தை வரைந்து ஒட்டுவது வேறு.

ஃபோன் செய்தேன். "ஆய்வில் கருத்து வேறுபாடு சகஜம் சார், பணம் திரும்பாது" என்றார். அதன் பிறகு எடுக்கவே இல்லை.

பணத்தைவிட வயிற்றெரிச்சல் வேறொன்று. அசல் படத்தின் ஓரங்களை நறுக்கி, கெட்டி அட்டையில் பசை போட்டு ஒட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பின்பக்கம் ஊதா மசியில் ஒரு ஸ்டூடியோ முத்திரை இருந்தது. எந்த ஊரில் எடுத்த படம் என்பதற்கு இருந்த ஒரே தடயம் அதுதான், நான் அதைப் படம் பிடித்துக்கூட வைக்கவில்லை. நீங்கள் அனுப்பினால் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து அதை மட்டும் அனுப்புங்கள். அசல்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களிடம் போகவே போகாதீர்கள்.

சான்றிதழ் அத்தை வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. கழற்றச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.